இழந்த திருத்தங்களும் இழக்காத நெறியும்: காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலின் அரசியல் வாழ்வு

முன்னுரை

1947ஆம் ஆண்டுப் பிரிவினை, இந்தியாவில் தங்கிவிட்ட முஸ்லிம் லீக் தலைவர்களை இரட்டை நெருக்கடிக்கு உள்ளாக்கியது. அவர்கள் ஆதரித்த கோரிக்கையால் உருவான நாடு அவர்களுடையதாக அமையவில்லை. அவர்கள் வாழ்ந்த நாட்டிலோ அக்கோரிக்கையின் காரணமாகவே ஐயத்திற்கு ஆளாயினர். இந்நெருக்கடியைத் தமிழகத்திலிருந்து எதிர்கொண்டவர் காயிதே மில்லத் எனப் போற்றப்படும் முகம்மது இஸ்மாயில். எளிமைக்கும் தமிழ்ப்பற்றுக்கும் எடுத்துக்காட்டாக அவர் நினைக்கப்படுகிறார். ஆனால், அரசியல் நிர்ணய சபையில் அவர் முன்வைத்து இழந்த கோரிக்கைகள் அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. அவ்விழப்புகளுக்குப் பின்னரும் அரசியலமைப்பின் வழியிலேயே அவர் நின்றமைதான் அவரது வாழ்வின் மையம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இளமையும் அரசியல் நுழைவும்

முகம்மது இஸ்மாயில் 1896ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். இளமையில் ஒத்துழையாமை இயக்கத்தின் ஈர்ப்பால் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். முஸ்லிம் லீகில் இணைந்து சென்னை மாகாணக் கிளையின் தலைவராக உயர்ந்தார்.

1946ஆம் ஆண்டுத் தேர்தல் தனி வாக்காளர் தொகுதி முறையில் நடைபெற்றது. முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே வாக்களிப்பது அம்முறையின் இயல்பு. அத்தேர்தலில் பெற்ற வெற்றியால் லீக், சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

பிரிவினையும் கட்சியின் மறுவாழ்வும்

1947 திசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் பேரவை, கட்சியை இரு நாடுகளுக்கும் ஏற்ப இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும் இந்தியப் பகுதிக்கு இஸ்மாயிலும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். அதே மாதத்தில் இலக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் வகுப்புவழிக் கட்சிகளைக் கைவிட வேண்டும் என வலியுறுத்தியது. கட்சியைக் கலைத்துவிடுவதே அன்று எளிய வழியாக இருந்தது.

இஸ்மாயில் அவ்வழியை ஏற்கவில்லை. 1948 மார்ச்சு 10ஆம் நாள் சென்னையில், இன்று இராசாசி மண்டபம் என வழங்கும் கட்டடத்தில் கூடிய கூட்டம், கட்சியைத் தொடர முடிவுசெய்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அங்கு உருவாயிற்று. இஸ்மாயில் அதன் தலைவரானார். பெயரில் சேர்ந்த ‘இந்திய யூனியன்’ என்னும் தொடர் வெறும் அடைமொழியன்று. நிலப்பிரிவினைக் கோரிக்கையிலிருந்து விலகி, ஒரே நாட்டிற்குள் உரிமை கோரும் அரசியலாகக் கட்சி மாறியதை அது அறிவித்தது.

அரசியல் நிர்ணய சபையில் மூன்று வாதங்கள்

அம்மாற்றம் அரசியல் நிர்ணய சபையில் சோதிக்கப்பட்டது. 1948 நவம்பர் 23ஆம் நாள் பொது உரிமையியல் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவு 35 விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தன் தனிநபர் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்னும் திருத்தத்தை இஸ்மாயில் முன்மொழிந்தார். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அம்பேத்கர் ஆகியோர் எதிர்த்தனர், திருத்தம் ஏற்கப்படவில்லை. இப்பிரிவே இறுதி வடிவில் 44ஆம் உறுப்பாயிற்று.

1949 மே மாதம், சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை நீக்கும் அறிக்கையைப் பட்டேல் முன்வைத்தார். ஒதுக்கீடு தொடர வேண்டும், தனி வாக்காளர் தொகுதிகளும் வேண்டும் என இஸ்மாயில் வாதிட்டார். பேகம் ஐசாஸ் ரசூல் உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர் சிலரே இதற்கு உடன்படவில்லை. பிரிவினைக்கு வித்திட்டதாகப் பலர் கருதிய ஒரு முறையைப் பிரிவினையின் காயம் ஆறுமுன் கோரியது, அவருடைய அரசியலில் மிகுந்த விமர்சனத்திற்குரிய பகுதியாகும். அக்கோரிக்கையும் தோற்றது.

மூன்றாவது, 1949 செப்டம்பரில் நிகழ்ந்த மொழி விவாதம். தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரினார் என்று மட்டுமே இவ்வுரை பொதுவாக நினைவுகூரப்படுகிறது. உண்மையில் அவருடைய வாதம் நுட்பமானது. காந்தியடிகளின் கருத்தைத் துணையாகக் கொண்டு, நாகரி, உருது ஆகிய இரு வரிவடிவங்களிலும் எழுதப்படும் இந்துஸ்தானியையே அவர் ஆதரித்தார். தொன்மையே அளவுகோல் எனில் அத்தகுதி திராவிட மொழிகளுக்கே உண்டு என்றும், தம் தாய்மொழியாகிய தமிழ் இலக்கிய வளத்தால் பெருமைக்குரியது என்றும் எடுத்துரைத்தார். ஆயினும், தென்னாட்டார் அதனை நாடு முழுமைக்கும் வற்புறுத்தவில்லை எனச் சுட்டினார். பிறர்மீது மொழியைச் சுமத்தாத தென்னாட்டின் பண்பே அவ்வாதத்தின் வலிமை. அவையோ தேவநாகரி வரிவடிவ இந்தியை ஏற்றது.

இழப்பிற்குப் பின்

மூன்று வாதங்களிலும் தோற்றவர் அவ்வரசியலமைப்பைப் புறக்கணிக்கவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே வாக்களிக்கும் கூட்டு முறையில், மலையாளம் பேசும் தொகுதியில், தமிழர் ஒருவர் மும்முறை வென்றார். தாம் எதிர்த்த தேர்தல் முறையே தம்மைத் தாங்கியதை அவர் தம் வாழ்வில் கண்டார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா தலைமையிலான தி.மு.க.வுடன் கூட்டணி கண்டதும் இப்பொது அரசியலின் தொடர்ச்சியே ஆகும்.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது தம் ஒரே மகனைப் படைக்கு அளிக்க முன்வந்த செய்தி, அவரது நாட்டுப்பற்றுக்குச் சான்றாக இன்றும் மேடைகளில் கூறப்படுகிறது. போர்க்காலத்தில் மகனைத் தந்துதான் ஒரு குடிமகன் தன் பற்றை மெய்ப்பிக்க வேண்டுமா என்னும் வினா அதனுள் மறைந்துள்ளது. தோற்ற தீர்மானத்திற்குப் பின் மறுநாளும் அவைக்கு வந்து வாதிடுவதும் அப்பற்றின் வடிவமே.

முடிவுரை

1972 ஏப்ரல் 5ஆம் நாள் இஸ்மாயில் சென்னையில் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாசா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னை அரசு மகளிர் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கோரிக்கைகள் அனைத்தும் சரியானவை எனக் கொள்ள வேண்டியதில்லை. கூட்டு வாக்காளர் முறை பற்றிய அவரது அச்சத்தை அவரது வெற்றிகளே ஓரளவு மறுத்தன. தனிநபர் சட்டம், ஆட்சிமொழி ஆகியன பற்றி அவர் எழுப்பிய வினாக்களோ இன்றும் முடிவுறவில்லை. ஒரு சமூகத்தின் கோரிக்கை தோற்கலாம். அதனை எழுப்பும் உரிமை தோற்கலாகாது என்பதே அவரது வாழ்வு வழங்கும் அரசியல் பாடமாகும்.