ஜெஃபர்சன் எதிர்த்த நூல் வரி

1814-இல் பிரிட்டிஷ் படை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை எரித்தது. மறு ஆண்டு, முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தம் 6,487 நூல்களை 23,950 டாலருக்கு அதற்கு வழங்கினார். 1819-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1821-இல், 78 வயதில், இறக்குமதி நூல்களுக்கான வரியை நீக்குமாறு அதன் சார்பில் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார். வரி நீங்கவில்லை, 1826-இல் கடனாளியாகவே மறைந்தார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அவர் பக்கமே நிற்கிறேன். உள்நாட்டில் அச்சாகாத ஆய்வு நூலுக்கு விதிக்கும் வரி எந்தத் தொழிலையும் காப்பதில்லை. நூலகத்தின் ஆண்டு நிதியோ வரிக்கேற்ப உயர்வதில்லை. வாங்கும் நூல்களே குறைகின்றன. 2019-இல் இந்தியாவும் இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரி விதித்தது. ஜெஃபர்சனின் மனுவை நம் நிதியமைச்சகம் ஒருமுறை படிப்பது நன்று.