போயீத்தியஸ் என்னும் பெரியார்

ஐரோப்பாவின் இடைக்காலத் தத்துவ நூல்களைக் கற்கப் புகுவோர் முதற்கண் எதிர்ப்படும் பெயர்களுள் போயீத்தியஸ் என்பது ஒன்று. அவர் பெயரை அறிந்தார் பலராயினும், வாழ்வை அறிந்தார் சிலரேயாவர். கிரேக்கரது அறிவுச் செல்வம் மேனாட்டில் அறவே மறைந்தொழியாவண்ணம் காத்தவருள் அவர் தலைசிறந்தவராதலின், அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

கி.பி. 476-ஆம் ஆண்டில் மேற்கு உரோமப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தி அரியணையினின்றும் நீக்கப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகட்குப் பின், ஏறக்குறைய 480-இல், அனீசியர் என்னும் தொல்குடியில் போயீத்தியஸ் தோன்றினார். அவர் தந்தையார் 487-இல் கான்சல் என்னும் உயர்பதவி வகித்தவர். தந்தையார் விரைவில் இறந்துபடவே, சிம்மாக்கஸ் என்னும் பெருமகனார் அச்சிறுவரைத் தம் மனையில் வைத்து வளர்த்தார். பின்னர்த் தம் மகளார் ருஸ்திசியானாவை அவருக்கு மணஞ்செய்தும் கொடுத்தார். அக்காலை இத்தாலி நாட்டை ஆண்டவர் கோத்தர் மன்னராகிய தியோடொரிக் என்பார். அவர் 493 முதல் ராவென்னா நகரிலிருந்து அரசு செலுத்திவந்தார்.

உரோமருள் கிரேக்க மொழியறிவு நாளுக்குநாள் அருகிவருதலைப் போயீத்தியஸ் கண்டார். அதனால் நேரவிருக்கும் இழப்பை அவர் நன்குணர்ந்தார். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய இருவர் நூல்களனைத்தையும் இலத்தீனில் பெயர்த்து விளக்கி, அவ்விருவரும் அடிப்படையில் ஒத்த கருத்தினரே என நிறுவுவது அவர் கொண்ட நோக்கம். ஒருவர் வாழ்நாளில் முடியத்தக்கதன்று அப்பணி. ஆயினும், அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களுட் பெரும்பாலனவற்றை அவர் மொழிபெயர்த்தார். அந்நூல்கட்கு வாயிலாகப் போர்பிரி இயற்றிய முன்னுரை நூலையும் பெயர்த்து அதற்கு உரை வகுத்தார். எண்ணூலும் இசைநூலும் எழுதினார்.

கிறிஸ்து சமயக் கோட்பாடுகளைக் குறித்தும் அவர் சிறுநூல்கள் இயற்றினார். திரித்துவத்தைப் பற்றிய நூலை மாமனார் சிம்மாக்கஸுக்கே உரிமையாக்கினார். நெஸ்தோரியஸ், யூத்திக்கஸ் என்பாரது கொள்கைகளை மறுத்தெழுதிய நூலில், இயல்பு என்பது யாது, ஆள் என்பது யாது என வரையறை செய்துகொண்டு, கிறிஸ்துவினிடத்து ஈரியல்பும் ஓராளும் உண்மையை நிறுவினார். பகுத்தறியும் இயல்புடைய தனிப்பொருளையே ஆள் என்று அவர் கூறிய இலக்கணம் பிற்காலத்துப் பள்ளிகளிலெல்லாம் வழங்கலாயிற்று. சமய உண்மைகளை ஆராய்தற்குத் தர்க்க நூலைத் துணைக்கொள்ளும் நெறியை இலத்தீன் அறிஞர் அவரிடமே பெரிதும் பயின்றனர்.

அவர் நூலறிவோடு நின்றாரல்லர். 510-இல் தாமும் கான்சல் ஆயினார். 522-இல் அவர்தம் புதல்வர் இருவரும் ஒருங்கே அப்பதவி பெற்றனர். அவ்வாண்டிலேயே அரசவையின் தலைமை அலுவலும் அவரை வந்தடைந்தது. உயர்வு வந்த வழியே இடரும் வந்தது. அல்பினஸ் என்னும் சபையினர் ஒருவர் கான்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்தியோடு மறைவாகத் தொடர்பு கொண்டார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். வாய்வாளாதிருந்திருப்பின் போயீத்தியஸுக்கு யாதொரு தீங்கும் நேர்ந்திராது. அவரோ அல்பினஸுக்காகப் பரிந்து பேசினார். அப்பழி அவர்மீதே திரும்பியது. இராஜத் துரோகம் ஒருபுறம், மந்திர வித்தை ஒருபுறமாகக் குற்றங்கள் சுமத்தப்பட்டன. அவர் யாருடைய உரிமைக்காக உழைத்தாரோ அச்சபையினரே அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்.

பாவியா நகரிற் சிறைப்பட்டிருந்தபோது அவர் எழுதியதே தத்துவத்தின் ஆறுதல் என்னும் நூல். உரைநடையும் செய்யுளும் மாறிமாறி வரும் ஐந்து பகுதிகளையுடையது அது. தத்துவம் ஒரு மாதராய் வந்து அவரோடு உரையாடுகின்றாள். செல்வமும் பதவியும் சுழலும் சக்கரம் போல்வன என்றும், உண்மையின்பம் கடவுளிடத்தேயன்றி வேறெங்கும் இல்லை என்றும் உணர்த்துகின்றாள். கடவுள் முன்னறிவாராயின் மாந்தர்க்கு விருப்புரிமை யாங்ஙனம் உண்டாம் என்னும் ஐயத்தையும் களைகின்றாள். நடப்பானொருவனை நாம் காண்டலால் அவன் நடக்கக் கட்டுப்படுவதில்லை. அங்ஙனமே முக்காலத்தையும் ஒரே நிகழ்காலமாகக் காணும் கடவுளின் காட்சியும் நம் செயலைக் கட்டுப்படுத்துவதன்று என்பது அதன் முடிபு. ஏறக்குறைய 524-இல் அவர் கொல்லப்பட்டார். சிறிது காலத்திற்குள் சிம்மாக்கஸும் கொலையுண்டார். 526-இல் தியோடொரிக் மன்னரும் இறந்தார்.

ஆறுதல் நூலில் கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்தும் வாராமையால், போயீத்தியஸ் கிறிஸ்தவர்தாமா என ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றனர். சமய நூல்கள் வேறொருவர் இயற்றியனவாதல் வேண்டும் என்பாரும் உளர். அவர் காலத்தவராகிய கஸியோடோரஸின் குறிப்பொன்றை 1877-இல் ஹெர்மன் ஊஸனெர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் வெளியிட்டார். போயீத்தியஸ் திரித்துவத்தைப் பற்றி எழுதியமை அதனால் தெளிவாயிற்று. நெடுநாளைய வழக்கு ஓர் ஏட்டுத்துணுக்கால் தீர்ந்தது காண்க.

அவர் கருதிய பணி முற்றுப்பெறவில்லை. பிளேட்டோ நூல்களுள் ஒன்றின் பெயர்ப்பும் அவரிடமிருந்து நமக்குக் கிட்டிற்றிலது. ஆயினும் அவர் முடித்தவற்றுட் சிலவே பல நூற்றாண்டுகள் மேனாட்டிற்குத் தர்க்க அறிவை ஊட்டின. ஆல்பிரெட் மன்னர் காலத்திலும், பின்னர்ச் சாஸராலும், 1593-இல் எலிசபெத் அரசியாராலும் ஆறுதல் நூல் ஆங்கிலமாயிற்று. தாமஸ் அக்குவினாஸ் அவரது திரித்துவ நூலுக்கு உரை வகுக்கத் தொடங்கினார்.

மாணவ நண்பர்களே! தொடங்கிய பணி முடியாதென்று அஞ்சி நாம் பல வேளைகளில் வாளா இருக்கின்றோம். குறையாக நின்ற பணியும் அறுநூறு ஆண்டு பயன்தரும் என்பதற்குப் போயீத்தியஸ் சான்று. பிறர்க்காகப் பேசியதனால் அவர் உயிர் இழந்தார். பேசாதிருந்தோர் பெயர்களை இன்று யாம் அறியேம்.