ஆல்பெரிக்கோ ஜெந்திலி: கடல் வழக்குகளில் நீதி கேட்ட அறிஞர்

வாணிகக் கப்பலுக்குப் புயலும் பாறையும் மட்டுமல்ல, போரும் பகையாகும். இரு நாடுகள் பொருதுங்கால், போரில் ஒரு பங்கும் இல்லாத வணிகனின் சரக்கும் நடுக்கடலில் பறிபோகின்றது. பறித்தவனுக்கு அதில் உரிமை உண்டா? இழந்தவன் எங்கே முறையிடுவது? இவ்வினாக்களுக்கு வாளை நாடாது சட்டத்தை நாடி விடை தேடிய முன்னோடிகளுள் ஒருவர் ஆல்பெரிக்கோ ஜெந்திலி. இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்தவர் அவர். பிறந்த ஊரைவிட்டு வந்து வேற்றிடத்தில் வாழும் நாம், நம் ஆண்டு மலரில் அவர் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

ஜெந்திலி 1552இல், இத்தாலியில் போப்பாண்டவரின் ஆட்சிக்குட்பட்ட சான் ஜினேசியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மத்தேயோ ஒரு மருத்துவர். மைந்தர் பெருஜியா பல்கலைக் கழகத்தில் சட்டம் பயின்று 1572இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்த் தம் ஊர்ச் சட்டங்களைத் திருத்தியமைக்கும் பணியையும் ஏற்றார். தந்தையும் மகனும் சீர்திருத்தக் கிறிஸ்தவ நெறியைத் தழுவியமையால் சமய விசாரணை மன்றத்தின் சினத்திற்கு ஆளாயினர். 1579இல் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். இளவல் சிப்பியோனும் உடன் சென்றார். தாயாரோ ஊரிலேயே தங்கிவிட்டார். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

லாய்பாக் நகரிலும் ஜெர்மானிய நாடுகளிலும் சிறிது காலம் தங்கியபின், 1580இல் ஜெந்திலி இங்கிலாந்தை அடைந்தார். லெஸ்டர் பிரபுவின் ஆதரவால் ஆக்ஸ்போர்டில் இடம் கிடைத்தது. 1587இல் அங்கே அரச சட்டப் பேராசிரியரானார். 1598இல் அவருடைய போர்ச் சட்ட நூல் முழுமையாக வெளிவந்தது. பகைவனுக்கும் உரிமைகள் உண்டு, சமய வேறுபாடு ஒன்றே போருக்குக் காரணமாகாது என்பவை அதன் அடிப்படைக் கருத்துக்களாகும்.

ஏட்டில் எழுதிய கொள்கை நீதிமன்றத்தில் சோதனைக்குள்ளாகும் காலம் விரைவில் வந்தது. 1585 முதல் ஸ்பெயினோடு நிகழ்ந்த போரை இங்கிலாந்து 1604இல் லண்டன் உடன்படிக்கையால் முடித்துக்கொண்டது. ஆனால் ஒல்லாந்தர் ஸ்பெயினோடு தொடர்ந்து போரிட்டனர். நடுநிலை பூண்ட இங்கிலாந்தின் கடலோரத்திலும் துறைமுகங்களிலும் ஸ்பானியரின் கப்பல்களையும் சரக்குகளையும் பற்றிய வழக்குகள் குவிந்தன. அவற்றை விசாரித்த அட்மிரால்டி நீதிமன்றம் உரோமச் சட்டத்தைத் தழுவியது. ஆகவே அச்சட்டத்தில் வல்ல ஜெந்திலியை 1605இல் ஸ்பானியத் தூதரகம் தன் வழக்கறிஞராக அமர்த்தியது. மன்னர் முதலாம் ஜேம்சும் இசைவு தந்தார்.

எவருடைய சமயத்தின் பொருட்டு அவர் தாய்நாட்டை இழந்தாரோ, அச்சமயத்தின் பெருங்காவலனாக விளங்கிய அரசின் குடிகளுக்காக அவர் வாதாட நேர்ந்தது! அவர் தயங்கவில்லை. கைப்பற்றிய பொருளைத் தன் நாட்டின் காவலுக்குட்பட்ட இடத்தில் கொண்டு சேர்த்த பின்னரே கைப்பற்றியவனுக்கு உரிமை பிறக்கும். இடையில் நடுநிலை நாட்டின் எல்லைக்குள் வந்துவிட்டால் அப்பொருள் பழைய உரிமையாளனையே சாரும் என்று வாதாடினார். நடுநிலை மன்னரின் கடற்பரப்பினுள் செய்யப்பட்ட பறிமுதல் செல்லாது என்றார். கடற்கொள்ளையன் எவனுக்கும் உரிமையை மாற்றித்தர இயலாது. ஆகையால் அவனிடம் விலை கொடுத்து வாங்கியவனும் பொருளை உரியவனிடம் ஒப்புவிக்கவேண்டும் என்பதும் அவர் கொள்கை. அத்தகைய சரக்கை வாங்கியோருள் ஆங்கில வணிகரும் இருந்தனர். தமக்குப் புகலிடம் தந்த நாட்டாரை எதிர்த்தே, அந்நாட்டு மன்றத்தில், அயலான் ஒருவனுக்காக நீதி கேட்டார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்கு அவர் துணிந்தது எத்துணைச் சிறப்போ, அதனை அம்மன்றம் செவிமடுத்ததும் அத்துணைச் சிறப்பேயாகும்.

1608 ஜூன் 19இல் ஜெந்திலி லண்டனில் காலமானார். செயிண்ட் ஹெலன் ஆலயத்தில், தம்மோடு நாடு துறந்து வந்த தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அச்சேறாத தம் எழுத்துக்களை அழித்துவிடுமாறு கூறிய அவர், ஸ்பானிய வழக்குகள் பற்றிய குறிப்புகளுக்கு மட்டும் விலக்களித்தார். இளவல் சிப்பியோன் அவற்றை 1613இல் நூலாக வெளியிட்டார். 1625இல் வெளிவந்த குரோஷியஸின் பெருநூலின் புகழொளியில் ஜெந்திலியின் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்தது. 1874இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹாலந்து அவர் பெருமையை மீண்டும் உலகறியச் செய்தார்.

வந்த இடத்தில் வாழ்வு பெற்றவர் அந்த இடத்தாருக்கு நன்றியுடையவராக இருத்தல் கடன். ஆனால் நன்றி என்பது எல்லாவற்றிற்கும் தலையசைப்பதன்று. தாம் கற்ற கல்வியை நடுவுநிலை பிறழாது பயன்படுத்தி, புகுந்த நாட்டின் நீதிமன்றத்திற்கே பெருமை தேடித் தந்தார் ஜெந்திலி. வேற்றூரில் வாழும் நாம் நம் அலுவலிலும் அண்டை அயலிலும் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவே என நம்புகிறோம்.