பேராசிரியர் பிகு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தில் செல்லும் நண்பர்கள், உதியன்குளங்கரையிலும் அமரவிளையிலும் வண்டிகள் நெருங்கி நிற்கையில், சாலையை அகலமாக்கினால் தொல்லை தீருமே என்று எண்ணாதிருப்பதில்லை. அவ்வெண்ணத்தை ஐயுறச் செய்த பேரறிஞர் ஒருவரின் வரலாறு இது.

ஆர்தர் செசில் பிகு 1877இல் இங்கிலாந்தின் ஒயிட் தீவில் பிறந்தார். 1908இல் கேம்பிரிட்ஜில் மார்ஷலுக்குப்பின் பொருளியல் பேராசிரியரானபோது அவருக்கு வயது 30. முதல் உலகப் போரில் படைக்கலம் ஏந்த விரும்பாத அவர், விடுமுறைதோறும் போர்முனை சென்று காயமுற்றோரை ஏற்றிவரும் ஊர்தியை ஓட்டினார். 1920இல் நலப் பொருளியல் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். இரு சாலைகளைப் பற்றிய சிறு எடுத்துக்காட்டு ஒன்று அதில் உண்டு.

அதனை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே, நேரான நெடுஞ்சாலையோடு சுற்றுவழி ஒன்றும் உண்டெனக் கொள்வோம். சுற்றுவழியில் எத்தனை வண்டி சென்றாலும் 40 நிமிடம். நெடுஞ்சாலையிலோ வண்டி ஒன்றுக்கு ஒரு நிமிடம் கூடும். 100 வண்டிகள் புறப்பட்டால், 40 வண்டிகள் நெடுஞ்சாலையிலும் 60 சுற்றுவழியிலும் செல்லும். எல்லார்க்கும் 40 நிமிடமே. நெடுஞ்சாலையை இருமடங்கு அகலமாக்கினால்? 80 வண்டிகள் அங்கே திரளும். அப்பொழுதும் 40 நிமிடமே! செலவிட்ட பணம் ஆற்றிற் கரைத்த புளியாகும்.

பிகு காட்டிய வழி வேறு. அகலமாக்காத அச்சாலைக்கே வரி விதித்து 20 வண்டிகளைச் சுற்றுவழிக்குத் திருப்பினால், திரும்பியோர்க்கு இழப்பில்லை. எஞ்சிய 20 வண்டிகள் 20 நிமிடத்தில் சென்றுவிடும். அவை மிச்சப்படுத்திய நேரத்தின் விலை, வரியாகப் பொதுப்பணத்தில் சேரும்.

1924இல் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் நைட் இதனை மறுத்தார். சாலைக்கு உடையவன் ஒருவன் இருப்பின் அவனே தக்க கட்டணம் வாங்குவான். அரசின் வரி வேண்டியதில்லை என்பது அவர் வாதம். பிகு தம் நூலின் பிற்பதிப்புகளில் அவ்வெடுத்துக்காட்டை நீக்கிவிட்டார். ஆயினும் கருத்து அழியவில்லை. அவர் 1959இல் மறைந்தார். 1975இல் சிங்கப்பூர் தன் நகர்நடுவே நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நெரிசல் குறைந்தது.

நெரிசலில் நிற்கும் ஒவ்வொருவரும் பிறரையே நோகின்றோம். நம் வண்டியும் பிறர் நேரத்தைத் தின்கிறது என்பதை எண்ணச் செய்தவர் பிகு. அவ்வுண்மை பொருளியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று.