நீதிபதியாகிய விஞ்ஞானி

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில் 1811-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தவர் வில்லியம் ராபர்ட் குரோவ். ஆக்ஸ்போர்டில் பயின்று 1835-இல் வழக்கறிஞரானார். உடல்நலக் குறைவால் நீதிமன்றப் பணியில் முழுமையாக ஈடுபட இயலவில்லை. கிடைத்த ஓய்வை அவர் வீணாக்காமல் அறிவியல் ஆராய்ச்சியில் செலவிட்டார்.

மின்சாரத்தைச் செலுத்தினால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும் என்பதை அன்று அறிஞர்கள் அறிந்திருந்தனர். அவ்விரு வாயுக்களையும் மீண்டும் சேர்த்தால் மின்சாரம் கிடைக்குமா? கிடைக்கும் என்று 1839-இல் கண்டார் குரோவ். வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய்களில், கீழ்ப்பகுதி கந்தக அமிலத்தில் தோயுமாறு பிளாட்டினத் தகடுகளை நிறுத்தினார். மின்சாரம் பாய்ந்தது, வாயுக்கள் இணைந்து நீராயின. 1842-இல் இத்தகைய பல கலங்களை ஒன்றாக இணைத்துக் காட்டினார். இதுவே எரிபொருள் மின்கலத்தின் தொடக்கம்.

ஆனால் மின்வாயாகப் பயன்பட்ட பிளாட்டினம் விலை மிகுந்தது. டைனமோ வந்து மலிவாக மின்சாரம் தந்தபின் குரோவின் கலத்தை நாடுவார் இல்லை. அவரும் சட்டத்துறைக்குத் திரும்பி நீதிபதியானார்; 1872-இல் ‘சர்’ பட்டம் பெற்றார்; 1896 ஆகஸ்ட் 1-ஆம் நாள் லண்டனில் மறைந்தார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. அமிலத்துக்குப் பதிலாகத் திண்ம ஆக்சைடு என்னும் பீங்கான் போன்ற பொருளைக் கொண்ட கலங்கள் இன்று உள்ளன. இவை 600 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் இயங்குவதால் பிளாட்டினம் தேவையில்லை. எரிபொருள் பக்கத்து மின்வாய்க்கு நிக்கல் போதும். காற்றுப் பக்கத்து மின்வாயிலோ லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றுடன் பலவற்றில் கோபால்ட்டும் சேர்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தைகளும் மண் சுமக்கின்றனர். தூய மின்சாரம் என்று நாம் மகிழும்போது அதன் பின்னே ஒரு குழந்தையின் வியர்வை இருக்கலாகாது அன்றோ? ஆகவேதான் கோபால்ட்டை விலக்கி, எங்கும் கிடைக்கும் இரும்பைக் கொண்டு மின்வாய் செய்யவும், பழைய கலங்களிலிருந்து உலோகங்களை மீட்கவும் அறிஞர்கள் முயல்கின்றனர்.

விலை மிகுந்ததால் ஒதுக்கப்பட்டது குரோவின் கலம். அந்த விலையைப் பணத்தால் மட்டும் அளந்தால் போதாது. பிறர் படும் துன்பத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பதே நீதி. நாளை விஞ்ஞானம் பயிலப்போகும் நம் மாணவியர் இதனை நெஞ்சில் கொள்வார்களாக. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பூமி, நமக்குப் பின் வருவோர்க்கும் உரியதன்றோ!