திரிபை அளந்த பேராசிரியர் போஜ் ராஜ் சேத்

(இரண்டாம் ஆண்டு, முதுகலைக் கணிதம்)

திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் விழுப்புரத்திற்கு ரயிலில் வந்து படிப்பவன் நான். இடையே ஏறக்குறைய 37 கிலோமீட்டர். சென்ற ஆண்டு தொடர்பொருள் இயக்கவியலில் வகுப்புத் தேர்வு நடந்தது. திரிபு என்றால் என்ன என்ற வினாவுக்கு, பொருளின் துகள்கள் இடம்பெயர்ந்த தொலைவு என்று துணிந்து எழுதினேன். சுழியம் கிடைத்தது. விடைத்தாளைக் கொடுத்த பேராசிரியர், காலையில் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிய நான் எத்தனை அங்குலம் நீண்டுவிட்டேன் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வெட்கத்தோடு நானும் சிரித்தேன்.

அன்று மாலை ரயிலில் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரலாம், ஆனால் நகர்ந்த அம்மியில் திரிபு இல்லை. தண்டவாள வளைவில் பெட்டி திரும்புகிறது. அதன் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு அளவு இடம்பெயர்கிறது. ஆயினும் பகுதிகளுக்கு இடையே உள்ள தொலைவுகள் மாறுவதில்லை. அங்கும் திரிபு இல்லை. அண்டையிலுள்ள இரண்டு துகள்களின் இடைவெளி மாறினால்தான், அல்லது இரண்டு கோடுகளின் இடைக்கோணம் மாறினால்தான் திரிபு உண்டு. மூன்று திசைகளில் நீட்சி, மூன்று கோணங்களில் மாற்றம் என ஆறு எண்கள் போதும். ஒரு புள்ளியைச் சுற்றி நேர்ந்த உருமாற்றம் முழுவதையும் அவை சொல்லிவிடும்.

மறுவாரம் நூலகத்தில் அமர்ந்து தேடினேன். புத்தகத்தில் வந்த பெயர்கள் கோஷி, கிரீன், அல்மான்சி, ஹென்கி என்று எல்லாம் ஐரோப்பியப் பெயர்கள். இந்தப் பாடம் நமக்கு அன்னியமானது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. பக்கத்தைத் திருப்பியபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது: சேத். அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அறிந்ததைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

போஜ் ராஜ் சேத் 1907 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 ஆம் நாள், அன்றைய பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில் உள்ள பேரா என்ற சிற்றூரில் பிறந்தார். 1947 இல் நாடு பிரிந்தபோது அவ்வூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இளமையிலேயே கணிதத்தில் மனம் தோய்ந்த அவர், உயர் ஆய்வுக்காக லண்டன் சென்றார்.

அக்காலத்தில் மீட்சியியல் என்றாலே சிறு திரிபுகளின் இயல்தான். 1820களில் பிரெஞ்சு மேதை கோஷி அதற்கு அடித்தளம் இட்டார். நீட்சி மிகச் சிறியது என்று கொண்டு, அதன் வர்க்கங்களைத் தள்ளிவிட்டுக் கணக்கிடுவது வழக்கமாயிற்று. எஃகுக்கும் கல்லுக்கும் அது போதும். விழுப்புரம் சந்திப்பில் கிடக்கும் 13 மீட்டர் நீளத் தண்டவாளம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெயிலில் அதன் வெப்பநிலை 30 பாகை ஏறினால், தடையின்றி நீளும்போது ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர்தான் நீளும். திரிபு பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்கு. அதன் வர்க்கத்தைத் தள்ளினால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் ரப்பரை இழுத்தால்? பொருள் பெரிதும் திரும்பினால்? தள்ளிவிட்ட வர்க்கங்கள் அங்கே திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். வெறுமனே சுழன்ற பொருளிலும் திரிபு இருப்பதாகப் பழைய எளிய சூத்திரம் பொய் சொல்லும். இளைஞர் சேத் இந்த இடத்தில்தான் கைவைத்தார். வர்க்கங்களைத் தள்ளாமல், உருமாறிய பின் உள்ள நிலையையே அடிப்படையாகக் கொண்டு திரிபை அளந்து, பல சிக்கல்களுக்குத் தீர்வு கண்டார். அந்த ஆய்வுரை 1935 இல் லண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவர் முப்பது வயதை எட்டாத இளைஞர்.

தாயகம் திரும்பியவர் அரண்மனை போன்ற ஆய்வுக்கூடத்தில் அமரவில்லை. டெல்லி இந்துக் கல்லூரியில் நம் ஆசிரியர்களைப் போலவே கணிதம் கற்பித்தார், கற்பித்துக்கொண்டே ஆராய்ந்தார். 1951 இல் கரக்பூரில் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியபோது, கணிதத் துறையை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்கழகம் தொடங்கிய இடம் எது தெரியுமா? விடுதலைப் போராட்ட வீரர்களை வெள்ளையர் அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி தடுப்புக் காவல் முகாம். 1931 இல் இரண்டு கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட மண் அது. அந்த மண்ணில் பொறியியல் மாணவர்களும் கணித ஆய்வாளர்களும் வளர்ந்தார்கள். 1955 இல் இயக்கவியல் ஆய்வாளர்களை ஒன்று சேர்க்கும் இந்தியக் கழகம் ஒன்றையும் சேத் முன்னின்று நிறுவினார்.

அவருடைய புகழ்பெற்ற கருத்துக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் ரப்பர்ப் பட்டையை 20 சென்டிமீட்டராக இழுக்கிறோம். திரிபு எவ்வளவு? நீட்சியைப் பழைய நீளத்தால் வகுத்தால் 1. புதிய நீளத்தால் வகுத்தால் 0.5. கிரீன் வழியில் நீளங்களின் வர்க்கங்களை ஒப்பிட்டால் 1.5. அல்மான்சி வழியில் 0.375. ஹென்கியின் மடக்கை வழியில் 0.693. பட்டை ஒன்று, இழுத்த கை ஒன்று, விடைகள் ஐந்து! எது சரி?

எல்லாமே சரி என்பதுதான் சேத் காட்டிய உண்மை. புதிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்துங்கள். அதிலிருந்து 1 ஐக் கழித்து, அதே அடுக்கெண்ணால் வகுங்கள். அடுக்கு 1 என்றால் முதல் விடை. 2 என்றால் கிரீன். கழித்தல் 1 என்றால் 0.5, கழித்தல் 2 என்றால் அல்மான்சி, சுழியத்தை நெருங்கினால் ஹென்கி. தண்டவாளம் போன்ற சிறு திரிபில் ஐந்தும் ஒரே எண்ணாகிவிடும். ஐந்து தனித்தனி மரங்கள் என்று நினைத்தவை ஒரே மரத்தின் கிளைகள்! பொருளின் இயல்புக்கு ஏற்ற அடுக்கைத் தேர்ந்தால், தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள உறவு எளிதாகும் என்பது அவர் கருத்து. 1960களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட இக்கருத்தை, 1968 இல் இங்கிலாந்தின் ராட்னி ஹில் மேலும் விரித்தார். இன்று உலகப் பாடநூல்கள் அதைச் சேத்–ஹில் திரிபு அளவைகள் என்றே அழைக்கின்றன.

மீட்சி நிலையிலிருந்து பொருள் மீளாத நிலைக்கு மாறும் இடைப்பகுதியையும் அவர் ஆராய்ந்தார். இரண்டுக்கும் நடுவே செயற்கையாகக் கோடு கிழிக்காமல், மாற்றத்தையே ஒரு நிலையாகக் கருத வேண்டும் என்றார். பிற்காலத்தில் அசாமின் திப்ருகார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1979 டிசம்பர் 12 ஆம் நாள் மறைந்தார்.

தோழர்களே, சேத்தின் வாழ்க்கை எனக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தது. ஊர் மாறுவது திரிபு அல்ல. உள்ளே மாறுவதே திரிபு. பட்டம் வாங்க மூன்றாண்டு ரயிலில் போய் வந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள் அல்லர். உள்ளே ஏதேனும் நீண்டிருக்க வேண்டும். இரண்டாவது, எதை அடிப்படையாக வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் அமையும். பெரிய நகரங்களின் கல்லூரிகளை அளவுகோலாக வைத்து நம்மைக் குறைத்து அளந்துகொண்டிருந்தேன். ஜீலம் கரையின் சிற்றூரில் பிறந்து, கல்லூரி ஆசிரியராக இருந்து, உலகப் பாடநூலில் பெயர் பதித்தவரைப் படித்த பின் அந்த அளவுகோலைக் கீழே போட்டுவிட்டேன்.

அடுத்த தேர்வில் அதே வினா மீண்டும் வந்தது. இம்முறை சரியாக எழுதினேன். பேராசிரியர் விடைத்தாளைக் கொடுத்தபோது, இன்று கொஞ்சம் நீண்டுதான் வந்திருக்கிறேன் என்றார்.