நிழலை நட்டவர்

சண்டிகர் நகரில் கோடை முதிரும்போது சில சாலைகளில் மரங்கள் பொன்னிறப் பூச்சரங்களைத் தொங்கவிட்டு நிற்கும். வடஇந்திய மக்கள் அம்மரத்தை அமல்தாஸ் என்பர். தமிழில் அதன் பெயர் சரக்கொன்றை. சங்கப் புலவர்கள் பாடிய கொன்றையும் அதுவே. வேறு சாலைகளில் வேறு மரங்கள் நிற்கும். அவை பூக்கும் பருவமும் வேறாகும். இவ்வழகு தானாக அமைந்ததன்று. எவ்விடத்திற்கு எம்மரம் பொருந்தும் என ஆராய்ந்து, அவற்றை நடச் செய்தவர்களுள் முதன்மையானவர் மொகிந்தர் சிங் ரந்தாவா.

இளமையும் கல்வியும்

ரந்தாவா 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜீரா என்னும் ஊரில் பிறந்தார். லாகூர் அரசுக் கல்லூரியில் தாவரவியல் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். குளங்களில் பச்சை நூல்போல் மிதக்கும் பாசிகளை ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1934ஆம் ஆண்டில் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தார். ஆட்சிப் பொறுப்புகள் மிகுந்த காலத்திலும் தாவர ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை.

தில்லியில் மரநடு வாரம்

1946ஆம் ஆண்டின் இறுதியில் ரந்தாவா தில்லியின் துணை ஆணையரானார். அடுத்த ஆண்டு ஜூலை 20 முதல் 27 வரை, மரம் நடுவதற்கென்றே ஒரு வாரத்தை அவர் ஏற்பாடு செய்தார். நட்ட கன்று மழையில் நனைந்து வேர்கொள்வதற்கு ஏற்ற பருவம் அது. முதல் நாளில் மந்தாரைக் கன்றுகள் நடப்பட்டன. புராணா கிலா எனப்படும் பழைய கோட்டையில் நடந்த விழாவில் ஜவகர்லால் நேரு கலந்துகொண்டார். மரம் நடுதல் அரசின் வேலை மட்டுமன்று, நகரில் வாழ்வோர் அனைவரின் வேலை என்பதை அவ்வாரம் உணர்த்தியது.

ஆனால், அக்கன்றுகள் தளிர்விடுமுன்னரே நாடு இரண்டாகப் பிரிந்தது. ஆகஸ்டில் விடுதலை வந்தது. அதனுடன் பெருந்துயரமும் வந்தது. செப்டம்பரில் தில்லியில் கலவரம் மூண்டது. மரவிழா நடந்த பழைய கோட்டை, வீடிழந்த மக்கள் ஆயிரக்கணக்கில் தங்கிய முகாமாக மாறியது. கன்றுகளைக் காக்க எண்ணியிருந்த அதிகாரிக்கு மக்களைக் காக்கும் கடமை வந்து சேர்ந்தது. அவர் பயின்ற லாகூர் நகரமும் எல்லைக்கு அப்பால் போயிற்று.

புதிய ஊர், புதிய வேர்

பின்னர் ரந்தாவா பஞ்சாபில் மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டார். நிலத்தை விட்டு வந்த உழவர்களுக்கு மாற்று நிலம் வழங்கும் பெரும்பணி அது. அதன் வரலாற்றை அவர் ஒரு நூலாக எழுதி 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபிற்குப் புதிய தலைநகரம் வேண்டியிருந்தது. சிவாலிக் மலையடிவாரத்தில் சண்டிகர் எழுந்தது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அதன் வரைபடத்தை உருவாக்கினார். நகரை மரங்களால் அழகுபடுத்தும் குழுவுக்கு ரந்தாவா தலைமை தாங்கினார்.

அந்நகரில் குடியேறியவர்களுள் பலர் தம் ஊரையும் வீட்டையும் முற்றத்து மரத்தையும் இழந்து வந்தவர்கள். வீட்டைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். நிழலை அவ்வாறு கட்ட முடியாது. ஒரு கன்று நிழல் தரும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆகவே, நகரம் வளரும்போதே மரமும் வளர்ந்தாக வேண்டும். வெயில் கடுமையாகக் காயும் அந்நிலத்தில் நிழல் தரும் மரங்களும், கண்ணுக்கு இனிய பூமரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. சரக்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் மந்தாரையும் அவ்வாறு இடம்பெற்றவை.

1966ஆம் ஆண்டில் ரந்தாவா சண்டிகரின் தலைமை ஆணையரானார். அவருடைய முயற்சியால் அங்கு ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பில் பெரிய ரோஜாத் தோட்டம் உருவாயிற்று. பின்னர் லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். பூக்கும் மரங்களைப் பற்றியும், இந்திய வேளாண்மையின் வரலாற்றைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவர் 1986ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மறைந்தார்.

தில்லியில் 1947ஆம் ஆண்டில் நடந்த மரநடு வாரத்தின் கருத்து வீண்போகவில்லை. 1950ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சர் கே. எம். முன்ஷி அதனை நாடு முழுவதற்கும் உரிய விழாவாக்கினார். வன மகோத்சவம் என்னும் பெயரில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் பள்ளிகளிலும் ஊர்களிலும் அது கொண்டாடப்படுகிறது.

சண்டிகரின் மரநிழலில் இன்று இளைப்பாறுவோருள் பலர் ரந்தாவாவின் பெயரை அறியார். அவரும் அவர்களை அறிந்தவரல்லர். யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் வந்து அமர்வார் என்னும் நம்பிக்கையில் நடப்பட்டவை அம்மரங்கள். புதிய ஊருக்கு வருவோரை முதலில் வரவேற்பது, முன்பு வாழ்ந்தவர் நட்டுச் சென்ற நிழலே.

பயிற்சி

1. மரம் நடுவதற்கு ரந்தாவா ஜூலைத் திங்களைத் தேர்ந்தெடுத்தது எவ்வாறு பொருத்தமாகும்?
2. பழைய கோட்டை 1947ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் எவ்வாறு இருந்தது? இரு காட்சிகளையும் ஒப்பிட்டு எழுதுக.
3. உன் பள்ளியிலோ தெருவிலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடு. அவ்வூர் மொழியில் அதன் பெயரையும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதன் தமிழ்ப் பெயரையும் எழுதுக.